எல்லையோரம் கற்பிக்கும் செய்திப் பாடம்

இடுக்கி மாவட்டத்தையும் தேனி மாவட்டத்தையும் இணைக்கும் மலைச்சாலையின் உச்சியில் குமுளி அமைந்திருக்கிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறும், சித்தூர் வட்டத்தில் கோபாலபுரமும் மீனாட்சிபுரமும் அதேபோன்று கேரளத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் இடையே வாயில்களாக உள்ளன. இவ்வூர்களில் தமிழ் நாளேடும் மலையாள நாளேடும் ஒருங்கே கிடைக்கின்றன. மக்களில் பலர் இரு மொழிகளையும் பேசுவர். சிலர் இரண்டையும் படிப்பர். ஒரே நிகழ்ச்சி இரு மொழிகளில் இருவேறு நிகழ்ச்சிகளாக உருப்பெறுவதைப் பிற பகுதி மக்களைவிட இவர்கள் எளிதில் காண இயலும்.

உலக அரசியல் பற்றிய செய்திகளில் ஒருதலைச் சார்பும் பிரசாரமும் மலிந்துள்ளன என்பது பலகாலமாகக் கூறப்பட்டுவரும் குறை. ஆனால் தொலைவில் நடைபெறும் போரைப் பற்றியோ, ஆட்சி மாற்றத்தைப் பற்றியோ படிக்கும் வாசகனுக்கு உண்மையை நேரில் சரிபார்க்க வழியில்லை. எனவே, சரிபார்க்கக் கூடிய அளவுக்கு அருகிலுள்ள ஒரு நிகழ்ச்சியில் சார்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டு, பின்னர் அந்த அறிவை உலகச் செய்திகளுக்குப் பயன்படுத்துவதே பொருத்தமான முறையாகும். அதற்கு எல்லைப்புறத்தின் இரண்டு நிகழ்ச்சிகள் துணைபுரிகின்றன. ஒன்று முல்லைப் பெரியாறு அணை, மற்றொன்று பிளாச்சிமடை.

அணையின் வரலாறு

திருவிதாங்கூர் அரசுக்கும் இந்தியாவின் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29-இல் 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகையாக நிர்ணயிக்கப்பட்டது. ஜான் பென்னிகுவிக் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்ட அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கப்பாதை வழியே கிழக்கே திருப்பப்பட்டது. இன்றைய தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் இந்நீரைச் சார்ந்துள்ளன.

1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்ந்தன. அணை கேரள எல்லைக்குள் அமைந்தது. அதனை இயக்கிப் பராமரிக்கும் பொறுப்பு தமிழ்நாட்டிடம் தொடர்ந்தது. 1970-இல் ஏற்பட்ட துணை ஒப்பந்தத்தின்படி குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. நீரைக்கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யும் உரிமையும் தமிழ்நாட்டிற்கு முறைப்படுத்தப்பட்டது.

1979 ஆகஸ்டு 11-ஆம் நாள் குஜராத் மாநிலத்தில் மோர்வி நகருக்கு மேலேயிருந்த மச்சு இரண்டாம் அணை உடைந்து பேரழிவு நேர்ந்தது. இதனைத் தொடர்ந்து பெரியாறு அணையின் பாதுகாப்புப் பற்றிய அச்சம் கேரளத்தில் பெருகியது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையத்தின் தலைவர் கூட்டிய கூட்டத்தில், அணையை வலுப்படுத்துவதென்றும், நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைப்பதென்றும் முடிவாயிற்று. வலுப்படுத்தும் பணிகளுக்குப்பின் நீர்மட்டத்தை உயர்த்தலாமா என்பதே அதன்பின் நீண்ட வழக்காயிற்று. 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க அனுமதித்தது. கேரள சட்டமன்றம் அடுத்த மாதமே தன் நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடியையே வரம்பாக்கியது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அமைந்த குழு, அணை பாதுகாப்பாக உள்ளது என்று 2012-இல் அறிக்கை தந்தது. 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு 142 அடியை மீண்டும் உறுதிசெய்து, மூவர் கண்காணிப்புக் குழுவையும் அமைக்கச் செய்தது.

விடுபட்ட மக்கள்

இந்த வரலாற்றை இரு மொழி ஏடுகளும் பலமுறை எழுதியுள்ளன. அவற்றில் வெளிப்படையான பொய்கள் மிகக் குறைவே. சார்பு வேறு வகையில் தொழிற்பட்டது.

மலையாள ஏடுகளில் செய்தியின் மையம் அணையின் வயது. நூறாண்டு கடந்த சுண்ணாம்புக் கட்டுமானம் என்பதும், அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சமும் முதலிடம் பெற்றன. 1980 முதல் செய்யப்பட்ட கான்கிரீட் பூச்சு, எஃகுக் கம்பி வடங்களால் அணையை அடித்தளப் பாறையோடு பிணைத்தது, பின்புறத்தில் எழுப்பிய தாங்குசுவர் ஆகியவை செய்தியின் கடைசிப் பகுதிக்குச் சென்றன, அல்லது விடுபட்டன. மோர்வி அணையுடனான ஒப்பீடு அடிக்கடி வந்தது. மோர்வியில் வெள்ளம் மேலே வழிந்து கரைத்தது மண்கரைகளை என்பதும், பெரியாறு அணை கல்லால் கட்டப்பட்டுத் தன் எடையால் நிற்பது என்பதும் அதே முக்கியத்துவத்துடன் கூறப்படவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களும், இராமநாதபுரத்தின் கடைமடைக் கண்மாய்களும் பெரும்பாலும் அச்செய்திகளில் இடம்பெறவேயில்லை.

தமிழ் ஏடுகளில் மையம் உரிமை. ஒப்பந்தம், தீர்ப்பு, பென்னிகுவிக்கின் தியாகம், காய்ந்த வயல் ஆகியவை முதலிடம் பெற்றன. அணைக்குக் கீழுள்ளோரின் அச்சம், அரசியல்வாதிகள் தூண்டிவிட்ட பொய்யச்சம் என்ற ஒரே சொல்லில் முடிக்கப்பட்டது. 2011 டிசம்பரில் கேரள அரசின் தலைமை வழக்கறிஞர், பெரியாறு அணைக்கு ஆபத்து நேரினும் அந்நீரை இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கிக்கொள்ளும் என்ற கருத்தைக் கேரள உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தபோது, தமிழகத்தில் அது பெருஞ்செய்தியாயிற்று. கேரளத்தில் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஆனால் அணைக்கும் இடுக்கி நீர்த்தேக்கத்திற்கும் இடையே வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்துறை போன்ற ஊர்கள் இருப்பதை அச்செய்தியைக் கொண்டாடியவர்கள் நினைவுகூரவில்லை.

இங்கே கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. வண்டிப்பெரியாற்றிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தொழிலாளரில் பெரும் பகுதியினர் தமிழர். அணைக்கு ஊறு நேருமாயின் முதலில் பாதிக்கப்படுவோரில் அவர்களும் அடங்குவர். நீர் குறையுமாயின் கிழக்கே வாடும் வயல்களில் அவர்களுடைய உறவினரின் வயல்களும் உண்டு. இவ்விரு கவலைகளையும் ஒருசேரச் சுமப்பவர்கள் இவர்களே. மலையாள ஏட்டிற்கு அவர்கள் தமிழர். தமிழ் ஏட்டிற்கு அவர்கள் கேரளத்தில் இருப்பவர். ஆகவே இரு மொழிகளிலும் அவர்களுடைய குரல் விடுபட்டது. செய்தியின் சார்பு அதில் எழுதப்பட்டதைவிட எழுதாமல் விடப்பட்டதில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

2011-இன் விளைவு

2011-இல் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் ஏற்பட்டன. நவம்பர் மழையில் நீர்மட்டம் உயர்ந்தது. அதே நவம்பர் 25-இல் அணை உடைவதைச் சித்திரிக்கும் திரைப்படம் ஒன்று வெளியாயிற்று; அதன் தலைப்பிலேயே 999 என்ற எண் இருந்தது. தமிழ்நாட்டில் அப்படம் தடைசெய்யப்பட்டது. தொலைக்காட்சிகள் உடையும் அணையின் கற்பனைக் காட்சிகளைச் செய்திகளுக்கிடையே காட்டின. சில வாரங்களில் எல்லை கொதித்தெழுந்தது. இருபுறமும் வாகனங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. குமுளிச் சாலை மூடப்பட்டது. சபரிமலை செல்லும் பக்தர்கள் தவித்தனர். இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல, அஞ்சி மலைப்பாதைகள் வழியாகத் தேனி மாவட்டத்தை வந்தடைந்தன. தேவாரம், போடி, கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் தோட்டங்களுக்குச் சென்றுவந்த கூலியாட்கள் வேலை இழந்தனர். தமிழகத்தில் நெடுங்காலமாகக் கடை நடத்திவந்த கேரளத்தார் நட்டமடைந்தனர்.

அணையில் ஒரு கல்லும் பெயரவில்லை. எனினும் எளிய மக்களின் கூலியும் வீடும் வாணிபமும் பறிபோயின. செய்தியின் சார்பு ஏட்டோடு நிற்பதில்லை. அது நாட்கூலியில் வந்து முடிகிறது.

பிளாச்சிமடை: செய்தி சென்று திரும்பிய வழி

பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு கோக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சில காலத்திற்குள் சுற்றிலுமுள்ள கிணறுகளில் நீர் வற்றியதாகவும், எஞ்சிய நீர் பயன்படுத்தத் தகாததாக மாறியதாகவும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22-இல் ஆலை வாயிலில் பழங்குடி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்மணி அதன் முகமாக விளங்கினார். 2003-இல் ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது.

ஓராண்டுக்கும் மேலாக நடந்த இப்போராட்டம் கேரளத்திற்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலியின் நிகழ்ச்சி ஒன்று, உரமென்று உழவர்களுக்கு வழங்கப்பட்ட ஆலைக் கழிவை இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்ததாகவும், அதில் காட்மியம், காரீயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருந்ததாகவும் அறிவித்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆயினும் பிளாச்சிமடை உலகச் செய்தியாகிவிட்டது. 2004 ஜனவரியில் அங்கு நடைபெற்ற உலக நீர் மாநாட்டிற்குப் பல நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2010-இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் கிட்டவில்லை.

தம் ஊர்க் கிணற்றைப் பற்றி அங்குள்ளோர் கூறியபோது அது முறையீடு. இலண்டனிலிருந்து ஒலித்தபோது அதுவே செய்தி. இதில் பி.பி.சி.யின் பணி பாராட்டத்தக்கதே. ஆனால் பெருமாட்டியிலிருந்து சென்னைக்கும் டில்லிக்கும் ஒரு செய்தி இலண்டன் வழியாக வரவேண்டியிருந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது. அவ்வாறு சென்று திரும்பிய செய்தியின் தன்மையும் மாறியது. உலகிற்கு அது பன்னாட்டு நிறுவனத்திற்கும் பழங்குடி மக்களுக்கும் இடையேயான போராட்டக் காவியம். நிலத்தடி நீர் நிலவுடைமையோடு சேர்ந்ததா, பொதுச் சொத்தா என்ற சட்டக் கேள்வி பின்னுக்குச் சென்றது. 2003 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதனைப் பொதுச் சொத்தாகக் கொண்டு தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. முதல் தீர்ப்பு உலகெங்கும் பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

உலகச் செய்தியின் ஓட்டம்

பிளாச்சிமடையில் கண்ட இப்போக்கு உலகளாவியது. 1970-களில் உலகச் செய்திகளில் பெரும் பங்கினை ராய்ட்டர், அசோசியேட்டட் பிரஸ், யுனைட்டெட் பிரஸ் இன்டர்நேஷனல், பிரான்சின் ஏ.எப்.பி. ஆகிய நான்கு நிறுவனங்களே வழங்கின. ஓர் ஆப்பிரிக்க நாட்டைப் பற்றி அண்டை நாட்டார் அறிவதும் இவற்றின் வழியேதான். இக்குறையைக் களைய அணிசேரா நாடுகளின் செய்தி நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின; அதற்கான அமைச்சர் மாநாடு 1976 ஜூலையில் புதுடில்லியில் நடந்தது. யுனெஸ்கோ, அயர்லாந்தின் ஷான் மக்பிரைடு தலைமையில் 16 உறுப்பினர் கொண்ட குழுவை அமைத்தது, இந்தியாவின் பி.ஜி. வர்கீஸ் அதில் ஓர் உறுப்பினர். செய்தி ஓட்டம் சமமாக வேண்டும் என்று அக்குழு 1980-இல் பரிந்துரைத்தது. இக்கோரிக்கை அரசுக் கட்டுப்பாட்டிற்கு வழிகோலும் என்று மேலை நாடுகள் எதிர்த்தன. 1984 இறுதியில் அமெரிக்காவும், அடுத்த ஆண்டு பிரிட்டனும் யுனெஸ்கோவிலிருந்து விலகின. பல ஆண்டுகளுக்குப் பின்னரே திரும்பின.

அந்த எதிர்ப்பை முற்றிலும் தன்னலம் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. புதுடில்லியில் மாநாடு நடந்த காலம் நெருக்கடி நிலைக் காலம். அப்போது இந்தியப் பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. நாட்டின் நான்கு செய்தி நிறுவனங்கள் 1976 பிப்ரவரியில் ‘சமாச்சார்’ என்ற ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. 1978-இல்தான் அவை மீண்டும் பிரிந்தன. வெளியிலிருந்து வரும் ஒற்றைக் குரலுக்கு உள்நாட்டு அரசின் ஒற்றைக் குரல் மாற்றாகாது. பல குரல்களே மாற்று.

போரும் பிரசாரமும்

பாலக்காடு மாவட்டத்தில் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைக்கும் உறவினரைப் பெற்ற குடும்பங்கள் ஏராளம். 1990 ஆகஸ்டு 2-இல் ஈராக், குவைத்தை ஆக்கிரமித்தபோது அங்கிருந்து ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர்; அவர்களில் கேரளத்தார் பெருந்தொகையினர். ஆகவே உலக அரசியல் செய்தி இப்பகுதிக்கு அயலார் கதையன்று.

அவ்வாண்டு அக்டோபரில், குவைத் மருத்துவமனையில் ஈராக்கியப் படைவீரர்கள் குறைமாதக் குழந்தைகளைக் காப்புப் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதாக 15 வயதுப் பெண் ஒருத்தி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவினர் முன் கண்ணீருடன் கூறினாள். போருக்கு ஆதரவு திரட்ட அது பெரிதும் பயன்பட்டது. அவள் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பதும், ஒரு விளம்பர நிறுவனம் அந்த ஏற்பாட்டின் பின்னே இருந்தது என்பதும் 1992-இல்தான் பரவலாகத் தெரியவந்தன. 2003 மார்ச்சில் ஈராக் மீது போர் தொடுக்கக் காரணமாகக் கூறப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கண்டுபிடிக்கப்படவேயில்லை. அவ்வாயுதங்களைப் பற்றித் தான் வெளியிட்ட செய்திகள் சில போதிய கண்டிப்புடன் சோதிக்கப்படவில்லை என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ 2004 மே 26-இல் ஒப்புக்கொண்டது. போர் தொடங்கி அப்போது 14 மாதங்கள் கடந்திருந்தன.

குமுளியில் கண்டவையே இங்கும் காணப்படுகின்றன: அச்சத்தை எழுப்பும் ஒரு காட்சி, வேறுபாட்டைக் கூறாத ஒப்பீடு, செய்தியில் இடம்பெறாத மக்கள், காலங்கடந்து வரும் திருத்தம்.

வாசகன் கேட்கவேண்டியவை

மாணவர்கள் எந்தச் செய்தியையும் ஐந்து கேள்விகளால் சோதித்தல் நலம். முதலாவது, இதைக் கூறியவர் யார், அவர் நேரில் கண்டவரா? குவைத் பெண்ணைப் பற்றி இக்கேள்வி உரிய காலத்தில் கேட்கப்படவில்லை. இரண்டாவது, இந்நிகழ்ச்சியால் பாதிக்கப்படுவோரில் யாருடைய குரல் இதில் இல்லை? வண்டிப்பெரியாற்றுத் தொழிலாளர் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, இது எதனுடன் ஒப்பிடப்படுகிறது, ஒப்பீடு பொருந்துமா? மோர்வி இதற்குச் சான்று. நான்காவது, இதில் அளக்கப்பட்ட விவரம் எது, அபிப்பிராயம் எது? நீர்மட்டம் 136 அடி என்பது அளவு. அணை இற்றுவிட்டது என்பது கருத்து. ஐந்தாவது, முதற்செய்திக்குப்பின் வந்த மறுப்பும் திருத்தமும் யாவை? பிளாச்சிமடையின் இரண்டாம் தீர்ப்பு இதனை உணர்த்தும்.

இரு மொழி அறிந்தவர் ஒரே நாளின் இரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிப்பாராயின் இக்கேள்விகளுக்கு விடை விரைவில் கிட்டும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத செய்திகளைக் குறித்துவைத்தாலே போதும். இரு சார்புகளின் வடிவமும் தெரிந்துவிடும். எல்லையோரப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாகவே நடத்தலாம்.

அலுவலர்களின் பொறுப்பு

வதந்தி வளர்வது பெரும்பாலும் அதிகாரபூர்வமான செய்தி வராத நேரத்தில்தான். 2018 ஆகஸ்டு வெள்ளத்திற்குப் பெரியாறு அணையிலிருந்து திடீரென நீர் திறந்துவிட்டதும் ஒரு காரணம் என்று கேரளம் கூறியது; தமிழ்நாடு மறுத்தது. வெள்ளத்திற்கு முதன்மைக் காரணம் மிகக் கடுமையான மழையே என்று மத்திய நீர் ஆணையத்தின் ஆய்வு அடுத்த மாதம் கூறியது. அதற்குள் இரு மாநில மக்களும் தத்தம் முடிவுக்கு வந்துவிட்டிருந்தனர். 2021 அக்டோபரில் அணையைக் கைவிடக் கோரும் இயக்கம் சமூக ஊடகங்களில் பரவியபோது, அச்சப்படத் தேவையில்லை என்றும், பீதியைப் பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் கேரள முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. அவ்வறிவிப்பு வரவேற்கத்தக்கதே. ஆயினும் தண்டனை பற்றிய எச்சரிக்கையைவிட நாள்தோறும் வெளியாகும் அளவுகளே அச்சத்தைத் தணிக்க வல்லவை.

நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றும் இரு மொழிகளிலும் ஒரே நேரத்தில், ஒரே அலகில் வெளியிடப்படல் வேண்டும். சென்ற ஆண்டின் இதே நாளின் அளவும் உடன் தரப்பட வேண்டும். மதகுகள் திறக்கப்படுமுன் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு மக்களுக்கு மலையாளத்தோடு தமிழிலும் எச்சரிக்கை சென்று சேரவேண்டும். தவறான அளவு வெளியாகுமாயின், தவறு வெளியான அதே இடத்தில் திருத்தமும் வெளியாக வேண்டும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் தேசிய அளவில் ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியுள்ளது. அதன் ஆய்வுகள் பொறியாளருக்கு மட்டுமன்றி, அணைக்குக் கீழே வாழ்பவருக்கும், கால்வாயின் கடைமடையில் காத்திருப்பவருக்கும் புரியும் மொழியில் வெளிவருமாயின் பிரசாரத்திற்கு இடம் குறையும்.

அணையின் பாதுகாப்புப் பற்றிய கவலையும் நீருக்கான தேவையும் இரண்டும் மெய்யானவை. ஒன்றை மெய்யென்றும் மற்றதைச் சூழ்ச்சியென்றும் காட்டுவதே பிரசாரத்தின் தொழில். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடிய பத்திரிகையும், இரண்டையும் ஒருங்கே படிக்கும் பொறுமையுள்ள வாசகனும் இந்த எல்லைப்புறத்திற்குத் தேவை. அருகிலுள்ள அணையைப் பற்றிய செய்தியில் இப்பழக்கம் கைவரப்பெற்றவர்கள், அறியாத நாட்டின் போரைப் பற்றிய செய்தியையும் ஏமாறாது படிப்பர்.